காத்த வேலியைப் பிரிக்கலாமா?

பயிர் செழித்துவிட்டது, இனி வேலி எதற்கு? இத்தகைய வினா ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல்லாண்டுகளாய் வழக்காடப்பட்டு வருகின்றது. வேலி என்பது சட்டம். பயிரோ கிரிஸ்லி கரடி.

ஒரு காலத்தில் அந்நாட்டின் மேற்கே ஏறத்தாழ 50,000 கரடிகள் உலவின. துப்பாக்கியும் நஞ்சும் அவற்றை அழித்தன. அலாஸ்கா நீங்கலாக, 1,000-க்கும் குறைவானவையே எஞ்சிய நிலையில், 1975-இல் சட்டம் அவற்றுக்குக் காவலாயிற்று. அன்று யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் சுமார் 136 கரடிகளே இருந்தன. இன்று 700-க்கும் மேற்பட்டவை வாழ்கின்றன.

“இலக்கு எட்டப்பட்டது, பொறுப்பை எங்களிடம் விடுங்கள்” என்கின்றன வயோமிங் முதலிய மாநிலங்கள். கன்றுகளைக் கரடிக்குப் பறிகொடுக்கும் மேய்ப்பர்களின் துயரும் பொய்யன்று. மறுசாராரோ, தாய்க்கரடி பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறையே குட்டி ஈனுவதையும், இவ்வட்டாரக் கரடிகள் பிற கூட்டங்களோடு கலவாது தனித்திருப்பதையும் சுட்டுகின்றனர்.

2007-இலும் 2017-இலும் அரசு இப்பாதுகாப்பை நீக்கியது. 2009-இலும் 2018-இலும் நீதிமன்றங்கள் அதனை மீட்டளித்தன. 2018-இல் வயோமிங் 22 கரடிகள் வரை வேட்டையாட இசைவளிக்கவிருந்த வேளையிலேதான் தீர்ப்பு வந்தது! 2025 சனவரியில் வனவிலங்குத் துறையும், மாநிலங்களின் வேண்டுகோளை மறுத்துப் பாதுகாப்பு தொடர வேண்டுமென்றே முடிவுரைத்தது.

எண்ணிக்கை உயர்ந்ததே சட்டத்தின் வெற்றி; அவ்வெற்றியையே சட்டத்தை விலக்கக் காரணமாக்குவதில் அவசரம் ஆகாது. ஆயினும், கரடியைக் காத்த பெருமை நாட்டுக்கு, இழப்பு மட்டும் ஏழை மேய்ப்பனுக்கு என்றால் அது நீதியாகுமா? அவனுக்குரிய ஈடு தவறாது கிடைக்கும்போதே வேலி உறுதியாய் நிற்கும் என்பது நம் துணிபு.