சான் ரமோன்: யார் நிலத்தில் யார் சாலை?

மாலை ஐந்து மணிக்கு மேல், கலிஃபோர்னியாவில் இருக்கும் சான் ரமோனின் அயர்ன் ஹார்ஸ் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் எப்படியும் தமிழ் காதில் விழும். பேரப்பிள்ளையைப் பார்த்து ஆறு மாதம் தங்க வந்த தாத்தா பாட்டிகளுக்கு இந்த ஊரில் கார் இல்லாமல் போகக் கிடைத்த இடம் அதுதான். இருபுறமும் வேலி, வேலிக்கு அப்பால் வீடுகள், நடுவே நூலடித்தாற்போல் நேரே ஓடும் தார்ப்பாதை. இவ்வளவு நேரான பாதையை நடப்பவருக்காக யாரும் போடமாட்டார்கள். அது ரயில் ஓடிய இடம்.

1891-இல் சதர்ன் பசிஃபிக் கம்பெனி சான் ரமோன் பள்ளத்தாக்குக்கு ஒரு கிளைப் பாதை போட்டது. ரயில் வேண்டும் என்று அன்று கேட்டவர்கள் விவசாயிகள். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக வேறு எளிய வழி இல்லை. பிறகு லாரி வந்தது. 1934-இல் பயணிகள் ரயில் நின்றது, 1978-இல் பாதையே கைவிடப்பட்டது. அதே 1978-இல்தான் பேரிக்காயும் வால்நட்டும் காய்த்த பிஷப் ரான்ச்சில் 585 ஏக்கரை ஒரு நிறுவனம் அலுவலக வளாகத்துக்காக வாங்கியது. ரயில் போன ஆண்டிலேயே கார்கள் வருவதற்கு ஏற்பாடாகிவிட்டது.

தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு அந்த நீளத் துண்டு யாருக்குச் சொந்தம்? அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ஒரே பதில் கிடையாது. ரயில் கம்பெனி நிலத்தைக் கிரயத்துக்கு வாங்கியிருந்தால் விற்கலாம். வழி உரிமை மட்டும் பெற்றிருந்தால், பாதை கைவிடப்பட்டதும் நிலம் பெரும்பாலும் பக்கத்து நிலக்காரருக்கே திரும்பும். வயோமிங் மாநில வழக்கு ஒன்றில் 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிலக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அங்கே அரசுக்குத் தோல்வி. இங்கே, சான் ரமோன் அடங்கிய கான்ட்ரா கோஸ்டா கவுண்டி 1980களில் ரயில் கம்பெனியிடமிருந்து நிலத்தை வாங்கி, துண்டாகாமல் காப்பாற்றியது. 1986-இல் முதல் பகுதி நடைபாதையாகத் திறந்தது. கொல்லைப்புறம் வழியாகக் கண்டவரும் போவார்களே என்று வேலியோரத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். இன்று அதே வேலியோர வீட்டை விற்கும்போது விளம்பரத்தின் முதல் வரியிலேயே பாதை வந்துவிடுகிறது.

680 நெடுஞ்சாலையின் கதை வேறு. 1960களில் அது பள்ளத்தாக்கை நெடுக்காகக் கிழித்துக்கொண்டு வந்தபோது சுற்றுச்சூழல் அறிக்கை கேட்க ஆளில்லை, சட்டமும் இல்லை. கலிஃபோர்னியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது 1970-இல். அதற்கு முன் தோப்புக்காரருக்கு இழப்பீடு உண்டு, தோப்புக்குக் கிடையாது. அந்தக் காலத்துப் பண்ணை எப்படி இருந்தது என்று பார்க்க விரும்பினால் ஃபாரஸ்ட் ஹோம் ஃபார்ம்ஸ் இருக்கிறது. பதினாறு ஏக்கர். ரூத் பூன் என்ற அம்மையார் 1997-இல் நகரத்துக்கு எழுதிக்கொடுத்தது.

அடுத்த பெரிய மாற்றம் கிழக்கே, டோர்ட்டி பள்ளத்தாக்கில். மாடு மேய்ந்த குன்றுகளில் 11,000 வீடுகள் கட்டலாம் என்று 1992-இல் கவுண்டி அனுமதித்தது. சான் ரமோனும் பக்கத்து ஊரான டான்வில்லும் வழக்குக்குப் போயின, 1994-இல் சமரசம். சந்திப்புகளில் எவ்வளவு நெரிசல் இருக்கலாம் என்பதுகூட ஒப்பந்தத்தில் ஏறியது. இங்கே சாலைக்காக யாரிடமும் நிலம் பறிக்கவில்லை. மனைபோட்ட நிறுவனங்களே அகலமான சாலைகளைப் போட்டு நகரத்திடம் ஒப்படைத்தன. நிலக்காரர் சிலரே, அவர்களும் விற்க மனமுள்ளவர்கள்; வாங்கியவர்கள் காசுள்ளவர்கள். சாலை சண்டையில்லாமல் வந்துவிட்டது. 2000-இல் 44,722 ஆக இருந்த மக்கள்தொகை 2020-இல் 84,605. நம் ஊர்க்காரர்களில் பலர் குடியேறியதும் இந்தப் பக்கம்தான்.

வாய் இல்லாத நிலக்காரரும் உண்டு. இந்தக் குன்றுகளில் வாழும் கலிஃபோர்னியா புலிச் சாலமாண்டர் ஆண்டின் பெரும்பகுதியை அணில் தோண்டிய வளைகளில் கழிக்கும். குளிர்கால மழை இரவுகளில் குட்டைக்கு நடந்து போய் முட்டையிடும். வழியில் சாலை இருந்தால் தீர்ந்தது. 2004-இல் இதன் மத்திய கலிஃபோர்னியப் பிரிவை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக மத்திய அரசு அறிவித்தபோது, வழக்கமான மாட்டுப்பண்ணை வேலைகளுக்கு விலக்கும் சேர்த்தே கொடுத்தது. காரணம் எளிது. மாட்டுக்காரர் வெட்டிய குட்டைகளில்தான் இந்த உயிர் பெருகுகிறது. தனியார் நிலமும் இயற்கையும் எதிரிகள் என்று மேடையில் முழங்குபவர்கள் அந்தக் குட்டைக் கரையில் ஒருமுறை நிற்கலாம்.

2010களில் 680-க்கு நாரிஸ் கேன்யன் சாலை அருகே பேருந்துக்கும் கூட்டுப்பயணக் கார்களுக்கும் தனி ஏறுவழி அமைக்கும் திட்டம் வந்தது. அக்கம்பக்கத்து வீடுகள் திரண்டு எதிர்த்தன, ஏறுவழி வரவில்லை. 2010 நவம்பரில் நகர வளர்ச்சி எல்லையை நீட்டிக் குன்றுகளை உள்ளே இழுக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது மக்கள் அதையும் தோற்கடித்தார்கள். நேற்றைய குன்றின்மேல் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள், நாளைய குன்றுக்குக் காவல் நிற்கிறார்கள். இதில் கபடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. கொஞ்சம் வேடிக்கை இருக்கிறது.

சேலம் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர்களுக்கு இதைக் கேட்டால் வேடிக்கையாக இராது. 2018-இல் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்குத் தென்னந்தோப்புகளிலும் கிணற்றோரத்திலும் அளவுக்கல் நட்டார்கள், ஊர்க் கூட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஏறத்தாழ 277 கிலோமீட்டர், மதிப்பீடு பத்தாயிரம் கோடி ரூபாய். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-இன்படி, அறிவிக்கை வந்தபின் ஆட்சேபம் சொல்ல 21 நாள். 2013-இன் நிலமெடுப்புச் சட்டம் கேட்கும் சமூகத் தாக்க ஆய்வு இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது. 2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம், அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று சொல்லி அறிவிக்கைக்கு உயிர் கொடுத்தது. அவசரப்பட்டு அரசு பெயருக்கு மாற்றிய வருவாய்ப் பதிவுகளை மட்டும் பழையபடி விவசாயிகள் பெயருக்கே திருத்தச் சொன்னது. சாலை இன்னும் வரவில்லை. ஆனால் நாரிஸ் கேன்யன் வீட்டுக்காரர் சில கூட்டங்களில் சாதித்ததற்கு அந்த விவசாயி கைது, வழக்கு என்று ஆண்டுக்கணக்கில் அலைந்தார். சட்டப் புத்தகத்தின் தடிமனைவிட, திட்டம் வரைபடமாக இருக்கும்போதே கேள்வி கேட்க முடிகிறதா என்பதுதான் இரு ஊருக்கும் உள்ள தூரம் என்று எனக்குப் படுகிறது.

சான் ரமோனில் இப்போது கேள்வியே மாறிக்கொண்டிருக்கிறது. பல பத்தாண்டுகளாக, சந்திப்பில் கார் காத்திருப்பதே சுற்றுச்சூழல் கேடாக எண்ணப்பட்டது. எனவே சாலையை அகலப்படுத்துவது பரிகாரம். 2020 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் பெரும்பாலான திட்டங்களுக்கு அந்த அளவுகோல் செல்லாது. ஒரு திட்டத்தால் மக்கள் மொத்தம் எத்தனை மைல் கூடுதலாகக் கார் ஓட்டுவார்கள் என்பதே கணக்கு. நேற்றுப் பரிகாரமாக இருந்த அதே கூடுதல் தடம் இன்று கேடாகவும் ஆகலாம். 1994 ஒப்பந்தம் மட்டும் சந்திப்பு நெரிசலின் மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. போலிஞ்சர் கேன்யன் சாலையில் ஒரு தடத்தைக் கூட்ட நினைக்கும் பொறியாளர் இரண்டு கணக்கையும் போட வேண்டி வரலாம். ஒன்றில் தேறும் திட்டம் மற்றதில் தேற வேண்டும் என்று கட்டாயமில்லை.