மருந்தா, மரபணுவா? கனடா கேட்ட சான்று

கர்ப்பத்தில் தாய் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையால் உடல் குறையோடு பிறந்தவர்கள் உதவித்தொகை கோரி கனடா அரசிடம் விண்ணப்பிக்க 2024 ஜூன் 3 கடைசி நாளாக இருந்தது. இதைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றுதான்: அறுபது வருடத்துக்கு முன் கருவில் நடந்ததை இன்று ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்காதா?

காட்டாது. மாத்திரை ஓரிரு நாளில் உடலை விட்டுப் போய்விடும். மரபணுவில் தடயம் வைக்காது. குறிப்பிட்ட மரபணுப் பிழை இருக்கிறதா என்று மட்டுமே பரிசோதனை சொல்லும். இருந்தால் மருந்தின் மேலுள்ள சந்தேகம் பெரும்பாலும் விலகும். இல்லையென்றால் மருந்துதான் காரணம் என்றும் ஆகிவிடாது.

ஏன் இத்தனை சிக்கல்? கருவில் கை உருவாகும் நாட்களில் சால்-4 என்ற புரதம் இருந்தாக வேண்டும். செரிப்ளான் என்ற இன்னொரு புரதம், வேண்டாத புரதங்களைப் பிடித்து அழிவுக்கு அனுப்பும் அமைப்பைச் சேர்ந்தது. தாலிடோமைடு இந்தச் செரிப்ளானில் போய் ஒட்டுகிறது என்பதை 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஒட்டியதும் செரிப்ளான், தான் தொடக்கூடாத சால்-4-ஐயும் பிடித்து அழித்துவிடுகிறது என்பது 2018-இல் தெரிந்தது.

சிலருக்கோ சால்-4 மரபணுவே பிறவியில் பழுதாக இருக்கிறது. எந்த மாத்திரையும் இல்லாமலே அந்தப் புரதம் குறைந்துவிடும். அவர்களில் சிலர் கட்டைவிரல் இல்லாமல் பிறக்கிறார்கள்; சிலருடைய கட்டைவிரலில் மற்ற விரல்களைப் போல மூன்று எலும்புகள் இருக்கும். முன்கை குட்டையாக இருக்கலாம், கண் வெளிப்பக்கம் திரும்பாமல் போகலாம். தாலிடோமைடு குழந்தைகளிடம் டாக்டர்கள் குறித்து வைத்த அடையாளங்களும் இவைதான். மருந்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்று மருத்துவ ஏடுகளில் பதிவான சிலரிடமே சால்-4 பிழை இருந்ததை 2003-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அழிந்தது ஒரே புரதம் என்றால், கையை மட்டும் பார்த்து எந்த நிபுணர் காரணம் சொல்ல முடியும்? குடும்பத்தில் யாருக்கும் இந்தக் குறை இல்லையே என்பதும் சான்றாகாது. பிழை அந்தக் குழந்தையிடமே புதிதாகத் தோன்றியிருக்கலாம்.

மிஞ்சுவது நாட்கணக்கு. கரு உண்டான ஏறக்குறைய 20-ஆவது நாளிலிருந்து 36-ஆவது நாளுக்குள் மாத்திரை சாப்பிட்டிருந்தால்தான் இந்தக் கேடு. கனடாவில் இந்த மருந்து 1961 ஏப்ரலிலிருந்து 1962 மார்ச் வரை கடைகளில் விற்கப்பட்டது. மேற்கு ஜெர்மனியில் 1961 நவம்பரிலேயே விற்பனை நின்றுவிட்டது. கடை விற்பனைக்கும் முன்பே, 1959 முதல், கனடா டாக்டர்களுக்கு இலவச மாதிரிகள் வந்துகொண்டிருந்தன. டாக்டர் கையிலிருந்து நேரே வாங்கிய மாத்திரைக்குத் தாய் எந்தச் சீட்டைக் காட்டுவாள்? முந்தைய திட்டம் அதைத்தான் கேட்டுப் பலரைத் திருப்பியனுப்பியது. 2019-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 'நிகழ்தகவு' பார்க்கிறோம் என்றது அரசு. அதாவது, ஏற்கெனவே அறியப்பட்ட பாதிப்புகளோடு விண்ணப்பதாரரின் உடலைக் கணினி ஒப்பிட்டது. பிறகு நிபுணர் குழு முடிவெடுத்தது. வழக்கத்துக்கு மாறான குறையோடு பிறந்தவர்களுக்கு இந்த முறையிலும் கதவு குறுகலாகவே இருந்தது. விற்பனையை நிறுத்தத் தாமதித்த அரசு, சந்தேகத்தின் பலனை இவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

மற்ற கடிதங்கள் கேட்பவை: பாதிக்கப்பட்டவரின் பிள்ளைக்கும் வருமா? மருந்தால் என்றால் வராது. சால்-4 பிழை என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மருந்து இன்னும் இருக்கிறதா? இருக்கிறது, மைலோமா புற்றுநோய்க்கும் தொழுநோயின் ஒருவகை எதிர்வினைக்கும்.

எவ்வளவு பணம்? ஒரே தவணையாக 2.5 லட்சம் கனடிய டாலர், பிறகு பாதிப்பைப் பொறுத்து ஆண்டுதோறும் உதவி.