போலீஸ் தேடிய விளையாட்டு தபால் தலையில் ஏறியது!

"சாத்தான் விளையாட்டு" என்று அமெரிக்காவில் தாய்மார்கள் அலறிய ஒரு விளையாட்டுக்கு, அந்த நாட்டுத் தபால் இலாகாவே தபால் தலை வெளியிட்டுவிட்டது!

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த விளையாட்டுத் திருவிழாவில் அவை வெளியிடப்பட்டன. மொத்தம் 10 படங்கள்.

விளையாட்டின் பெயர் "டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்." தமிழில் சொன்னால் "பாதாளச் சிறையும் பறக்கும் நாகமும்."

இதே விளையாட்டைக் காரணம் காட்டித்தான் 1979-ல் ஒரு பல்கலைக்கழகத்தின் பூமிக்கடியில் ஒரு மாணவனைத் தேடி அலைந்தார்கள்.

இது பற்றிய சுவையான விவரம் வருமாறு:-

ஷூ ரிப்பேர் செய்தவர்

விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்று ஒரு சிறிய ஊர். அங்கே வசித்தவர் கேரி கைகாக்ஸ். இன்சூரன்ஸ் கம்பெனி வேலை பறிபோன பிறகு வீட்டிலேயே ஷூ ரிப்பேர் செய்து பிழைத்தார். மேஜை மேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திச் சண்டை விடுவதில் இவருக்குப் பைத்தியம்.

மின்னசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் என்பவருக்கும் இதே பைத்தியம். இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கியதுதான் இந்த விளையாட்டு. 1974-ல் வெளிவந்தது. பெட்டிக்குள் 3 சின்னப் புத்தகங்கள். விலை 10 டாலர். முதலில் அச்சிட்டது 1,000 பெட்டிதான்.

எப்படி ஆடுவது? நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லி. "குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பார்.

"நான் வாளை உருவுகிறேன்" என்பார் ஒருவர். "எனக்கு வம்பு வேண்டாம்ப்பா, நான் மரத்தில் ஏறிக்கொள்கிறேன்" என்பார் இன்னொருவர். வாள் வெட்டியதா, கிளை முறிந்ததா என்று பகடைதான் சொல்லும். நம்ம ஊர் தாயக்கட்டைக்கு நாலு முகம். இவர்கள் உருட்டும் பகடைகளில் ஒன்றுக்கு 20 முகம்!

இதில் ஜெயித்தவர், தோற்றவர் என்று கிடையாது. பணம் வைத்து ஆடுவதும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் அத்தனை ரகளை.

மாணவன் மாயம்

1979-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக விடுதியில் இருந்து 16 வயது மாணவன் ஒருவன் திடீர் என்று காணாமல் போனான். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன். மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் கல்லூரிக்குப் போனவன். (பெயர் இங்கே வேண்டாம். அந்தக் குடும்பம் பட்டது போதும்.)

போலீசுக்குத் துப்பு கிடைக்கவில்லை. பெற்றோர் டெக்சாசில் இருந்து வில்லியம் டியர் என்ற தனியார் துப்பறியும் நிபுணரை அமர்த்தினார்கள்.

டியர் அறையைச் சோதனை போட்டார். சுவரில் ஒரு பலகை. அதில் குண்டூசிகள் ஒரு தினுசாகக் குத்தப்பட்டு இருந்தன. இது ஏதோ வரைபடம் என்று டியர் நினைத்தார். பையனுக்கு டன்ஜன்ஸ் விளையாடும் பழக்கம் உண்டு என்றும் தெரிய வந்தது. பல்கலைக்கழகத்துக்கு அடியில் நீராவிக் குழாய்கள் செல்லும் சுரங்கம் இருக்கிறது. விளையாட்டை நிஜம் என்று நம்பி பையன் சுரங்கத்துக்குள் போய் மாட்டிக்கொண்டானோ?

இது டியரின் யூகம். பத்திரிகைகளுக்கோ அல்வா! யூகம் தலைப்புச் செய்தி ஆயிற்று. தலைப்புச் செய்தி நாலே நாளில் உண்மை ஆகிவிட்டது. சுரங்கத்தில் இறங்கித் தேடினார்கள். டியர் தானே பகடை உருட்டி அந்த விளையாட்டை ஆடிக்கூடப் பார்த்தார்.

பையன் சுரங்கத்தில் இல்லை. சுமார் ஒரு மாதம் கழித்து அவனே டியருக்குப் போன் செய்தான். அவன் இருந்தது பல நூறு மைல் தள்ளி, லூசியானா மாநிலத்து மார்கன் சிட்டியில். அங்கே எண்ணெய் வயலில் கூலி வேலை பார்த்துக்கொண்டு இருந்தான்!

நடந்தது வேறு. படிப்பு நெருக்கடி, தனிமை, மனச்சோர்வு, போதை மருந்து. சுரங்கத்துக்குள் போனது நிஜம்தான். ஆனால் விளையாட அல்ல, உயிரை விடப் போனான். பிழைத்து, தெரிந்தவர்கள் வீடுகளில் பதுங்கி, பஸ் ஏறி ஊரை விட்டே போய்விட்டான்.

"வெளியே சொல்லாதீர்கள்" என்று பையன் கேட்டுக்கொண்டான். டியர் வாயைத் திறக்கவில்லை. 1980 ஆகஸ்டில் அந்தப் பையன் தற்கொலை செய்துகொண்டான். வயது 17.

டியர் புத்தகம் எழுதி உண்மையை வெளியிட்டது 1984-ல். அதற்குள் 5 வருடம் ஓடிவிட்டது. "விளையாட்டுப் பைத்தியம் பிடித்துப் பையன் சுரங்கத்தில் தொலைந்தான்" என்ற கதை நாடு முழுக்கப் பரவிவிட்டது.

கதையை வைத்து நாவலும் வந்தது. ரோனா ஜாபே எழுதிய "மேசஸ் அண்டு மான்ஸ்டர்ஸ்." 1981-ல் புத்தகம், 1982-ல் டெலிவிஷன் படம். விளையாடி விளையாடிப் புத்தி பேதலிக்கும் மாணவனாக நடித்தவர் யார் தெரியுமா? பின்னாளில் இரண்டு தடவை ஆஸ்கார் வாங்கிய டாம் ஹாங்ஸ்!

இதில் இன்னொரு வேடிக்கை. வசவு கூடக்கூட விற்பனையும் கூடியது. "அப்படி என்னதான் இருக்கிறது?" என்று பிள்ளைகள் கடைக்கு ஓடினார்கள்.

ஒரு தாயின் போர்

1982-ல் வர்ஜீனியா மாநிலத்தில் பாட்ரீசியா புல்லிங் என்ற பெண்ணின் மகன் தற்கொலை செய்துகொண்டான். பள்ளிக்கூடத்தில் நடந்த விளையாட்டில் மகனுக்குச் சாபம் போட்டார்கள், அதனால்தான் செத்தான் என்று அந்தத் தாய் நம்பினார். தலைமை ஆசிரியர் மேல் வழக்குப் போட்டார். கோர்ட்டில் நிற்கவில்லை.

பெற்ற வயிறு. அந்த வேதனையைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த விளையாட்டை எதிர்க்க 1983-ல் சங்கம் ஆரம்பித்தார். பிசாசு வழிபாடு, சூனியம், கொலை, தற்கொலை எல்லாவற்றுக்கும் இதுதான் வாசல் என்று துண்டுப் பிரசுரம் போட்டார். போலீசாருக்கே வகுப்பு எடுத்தார். 1985-ல் "60 நிமிடங்கள்" டெலிவிஷன் நிகழ்ச்சியில் கைகாக்சும் புல்லிங்கும் தோன்றினார்கள். நாடே பார்த்தது.

இந்த அம்மாளை மடக்கியவர் மைக்கேல் ஸ்டாக்போல். எழுத்தாளர், விளையாட்டு தயாரிப்பவர். 1990-ல் ஓர் அறிக்கை தயாரித்தார். அதில் ஒரு கூத்து.

ரிச்மண்ட் வட்டாரத்தில் நூற்றுக்கு 8 பேர் பிசாசு வழிபாட்டுக்காரர்கள் என்று புல்லிங் சொன்னாராம். எப்படி வந்தது 8? பிள்ளைகளில் நூற்றுக்கு 4, பெரியவர்களில் நூற்றுக்கு 4. ஆக மொத்தம் 8!

மளிகைக் கடைப் பையனிடம் கேட்டாலே சொல்லிவிடுவான். தெருவில் 50 பெரியவர், 50 பிள்ளைகள். நூற்றுக்கு 4 என்றால் அங்கே 2, இங்கே 2. நூறு பேருக்கு 4 பேர்தானே? எட்டு எங்கிருந்து குதித்தது? அந்த நாலுக்கும் ஆதாரம் கிடையாது என்பது வேறு விஷயம்.

தற்கொலைக் கணக்கையும் ஸ்டாக்போல் பிரித்து மேய்ந்தார். லட்சக்கணக்கான இளைஞர்கள் ஆடுகிறார்கள். அந்த வயதில் சாதாரணமாக நடக்கும் தற்கொலை விகிதப்படி பார்த்தால், சங்கம் காட்டிய பட்டியலைப் போல் பல மடங்கு இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. பட்டியல் முழுக்க நிஜம் என்று வைத்துக்கொண்டாலும் விளையாடுகிறவர்களிடம் குறைவுதான் என்று ஆனது.

கொலை வழக்கு

1988-ல் வட கரோலினாவில் வாஷிங்டன் என்ற சிறிய ஊரில் (தலைநகர் அல்ல) ஒரு பணக்காரர் படுக்கையிலேயே படுகொலை செய்யப்பட்டார். மனைவி படுகாயத்துடன் தப்பினார். திட்டம் போட்டது அந்த அம்மாளின் மகன்தான். செத்தவருக்கு அவன் வளர்ப்பு மகன். அவனும் கூட்டாளிகளும் டன்ஜன்ஸ் ஆடுகிறவர்கள்!

"பார்த்தீர்களா, சொன்னோமே" என்று மறுபடி கூச்சல். ஆனால் கொலைக்குக் காரணம் பறக்கும் நாகம் அல்ல. சுமார் 20 லட்சம் டாலர் சொத்து. எந்த ஊர் போலீஸ் நிலையத்துக்கும் தெரிந்த பழைய காரணம்.

கம்பெனியும் பயந்தது. 1989-ல் வந்த புதிய பதிப்பில் "பேய்", "பிசாசு" என்ற சொற்களை எடுத்துவிட்டு, யார் வாயிலும் நுழையாத புதுப் பெயர்களை வைத்தார்கள். ஆள் அதே ஆள், சட்டை மட்டும் வேறு.

காலம் மாறியது

அன்று அம்மாவுக்குத் தெரியாமல் ஆடிய பையன்கள் வளர்ந்தார்கள். கதை எழுதினார்கள், படம் எடுத்தார்கள். 2016-ல் வந்த "ஸ்டிரேஞ்சர் திங்ஸ்" தொடரில் 1983-ம் வருடத்துச் சிறுவர்கள் ஆடுவது இந்த விளையாட்டுதான். 2022-ல் வந்த பாகத்தில், இதை ஆடுகிற இளைஞன் மேல் கொலைப்பழி போட்டு ஊரே துரத்துகிறது. பழைய பீதியே இப்போது கதைக்குச் சரக்கு ஆகிவிட்டது!

"கிரிட்டிகல் ரோல்" என்ற நடிகர் கோஷ்டி தாங்கள் ஆடுவதை 2015 முதல் ஒளிபரப்பியது. கார்ட்டூன் எடுக்க 2019-ல் ரசிகர்களிடம் கேட்ட பணம் 7½ லட்சம் டாலர். வந்து கொட்டியதோ 1 கோடியே 13 லட்சம் டாலர்! கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளைப் பேச வைக்க, மனநல ஆலோசகர்களே இந்தப் பகடையை உருட்டுகிறார்கள்.

கைகாக்ஸ் 2008-ல் இறந்தார். தபால் தலையைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

மொட்டைக் கடிதம்

எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. விளையாட்டு பிறந்த அதே விஸ்கான்சின் மாநிலத்தில் வாபன் என்ற ஊரில் ஒரு சிறைச்சாலை. அங்கே ஓர் ஆயுள் கைதி, சின்ன வயது முதல் இதை ஆடுகிறவன். தானே ஒரு கதை உலகத்தைக் கற்பனை செய்து கைப்பட 96 பக்கம் எழுதி வைத்திருந்தான்.

2004-ல் அதிகாரிகளுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. "இவர்கள் விளையாட்டு என்ற பெயரில் கும்பல் சேர்க்கிறார்கள்" என்று. அறையைச் சோதனையிட்டார்கள். புத்தகங்களுடன் 96 பக்கமும் பறிமுதல்.

கைதி கோர்ட்டுக்குப் போனான். கதை சொல்லி ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அதன்படி நடப்பது கும்பல் தலைவன் பாணி என்று சிறைத் தரப்பில் வாதாடினார்கள். விளையாட்டால் எந்தச் சிறையிலும் கும்பல் உண்டானதாக ஆதாரம் காட்டப்படவில்லை. இருந்தாலும் 2010 ஜனவரியில், தடை செல்லும் என்று மேல் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

தபால் தலை வந்தது அதற்கு 14 வருடம் கழித்து.