அச்சே கிராமத்தில் வீடு யாருக்கு, வயல் யாருக்கு?

இந்தோனேசிய நாட்டின் சுமத்திராத் தீவில், வடகோடியில் அமைந்திருப்பது அச்சே மாகாணம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜேந்திர சோழன் வென்ற நாடுகளில் ஒன்றாகக் குறிக்கப்படும் இலாமுரி தேசம் இந்தப் பகுதிதான் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர். ஒரு காலத்தில் மிளகுக்குப் பேர்போன சீமை. இன்று கடலோரச் சமவெளியில் நெல்லும், மேட்டு நிலத்தில் தென்னையும் பாக்கும், காயோ மலைப் பகுதியில் காப்பியும் விளைகின்றன. மக்களில் ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள். மலைப்பகுதி வழக்கம் வேறு. நெல் விளையும் அச்சே பெசார், பிடி மாவட்டங்களின் சிறு கிராமங்களில் வீடும் வயலும் யார் கையில் இருக்கின்றன, எப்படிக் கைமாறுகின்றன என்பது சிறு விவசாயிகள் தெரிந்துகொள்ளத் தக்க விஷயம் ஆகும்.

அங்கு கிராமத்துக்குக் 'கம்போங்' என்று பெயர். தென்னை, பாக்கு, பலா மரங்களுக்கு நடுவில் வீடுகள், சுற்றிலும் வயல்வெளி. வயல்வெளியைப் 'பிளாங்' என்பார்கள். ஊர்த்தலைவர் 'கூச்சிக்'. தொழுகைக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் 'முனாசா' என்ற பொதுக்கூடம் உண்டு. அதைக் கவனிக்கும் இமாம் ஒருவரும், ஆலோசனை சொல்லும் பெரியவர்கள் குழு ஒன்றும் கூச்சிக்குக்குத் துணை. பல கம்போங்குகள் சேர்ந்தது ஒரு 'முக்கிம்'. 1979ல் வந்த சட்டம் நாடு முழுவதும் கிராம நிர்வாகத்தை ஒரே அச்சில் வார்த்ததால் இந்தப் பழைய அமைப்பு மங்கிப்போயிற்று. 2003ல் மாகாணச் சட்டங்கள் மூலம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள்.

வீடு மகளுக்கே

இந்த ஊர்களில் கல்யாணமானதும் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மாப்பிள்ளை தர வேண்டிய மஹர் தொகையும் தங்கத்தில்தான் பேசப்படும். பெற்றோர் சில காலம் இருவரையும் தங்கள் செலவில் வைத்திருந்து, பிறகு மகளைத் தனிக் குடித்தனம் வைக்கிறார்கள். அப்போது வீட்டையோ, வீட்டின் ஒரு பகுதியையோ, வசதி இருந்தால் ஒரு துண்டு வயலையும் சேர்த்தோ, கூச்சிக், இமாம் முதலிய பெரியவர்கள் முன்னிலையில் மகளுக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறார்கள். இதற்குப் 'பூனுலாங்' சொத்து என்று பெயர். அடுத்த மகளுக்குக் கல்யாணம் ஆனால் அதே மனையில் இன்னொரு வீடு எழும்பும். மகள்கள் பலர் இருந்தால், தாய் தகப்பன் கடைசியில் சமையற்கட்டுப் பகுதிக்கு ஒதுங்குவதும் உண்டு. ஆகவே அக்காள் தங்கைகள் ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்கிறார்கள். மனைவியைக் குறிக்கும் அச்சேச் சொல்லுக்கே 'வீட்டுக்கு உடையவள்' என்று பொருள். டச்சு அறிஞர் ஸ்னூக் ஹர்குரோன்யே 1893-94ல் வெளியிட்ட நூலிலேயே இந்த வழக்கம் விவரமாகப் பதிவாகியுள்ளது.

இஸ்லாமிய வாரிசு முறைப்படி மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு அல்லவா என்று கேட்கலாம். அந்த முறை ஒருவர் இறந்தபின் மிஞ்சும் சொத்துக்குத்தான். உயிரோடு இருக்கும்போதே மனமொப்பிக் கொடுத்த தானம் அந்தக் கணக்கில் சேராது. வீடு முன்கூட்டியே மகளுக்குப் போய்விடுகிறது. மிச்சம் இருக்கும் வயலும் தோட்டமும் மார்க்க முறைப்படி பங்கு பிரிகின்றன. மார்க்கத்தையும் மீறாமல், பெண்ணையும் தெருவில் விடாமல் செய்த ஏற்பாடு இது. விவாகரத்து ஆனால் வீட்டை விட்டு வெளியேறுவது கணவன்தான். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சம்பாதித்ததை இருவருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள்.

இதனால் ஆண்பிள்ளைக்கு ஊரில் சொந்த வீடு என்று ஒன்று இல்லை. சிறு வயதில் தாய் வீடு, பையன் ஆனதும் இரவில் முனாசாவில் படுக்கை, கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வீடு. முற்காலத்தில் பிடி மாவட்டத்து ஆண்கள் மிளகுத் தோட்டம் போடக் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் போய், நோன்பு மாதத்தில் வீடு திரும்புவது வழக்கம். மிளகு போனபின் வியாபாரம், கூலி வேலை என்று போகிறார்கள். நோன்பு தொடங்குவதற்கு முன் வரும் 'மூகாங்' நாளில் இறைச்சி வாங்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போகாத மாப்பிள்ளைக்கு மரியாதை இல்லை. அந்த ஒரு நாளுக்காகக் கடன் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

பழைய அச்சே வீடு மரத்தால் ஆனது. ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் தூண்களின் மேல் நிற்கும். ஆணி கிடையாது, ஆப்பும் முளையும்தான். கூரைக்கு ரும்பியா என்ற பனைவகை ஓலை. தரைக்கும் வீட்டுக்கும் இடையில் நெற்குதிர், காலால் மிதித்து நெல் குத்தும் உலக்கை, ஆடு, கோழி எல்லாம் இருக்கும். வேண்டுமானால் வீட்டைப் பிரித்து எடுத்து வேறு மனையில் நிறுத்தலாம். இப்போது கட்டப்படுபவை பெரும்பாலும் தகரக்கூரை போட்ட சிமெண்டு வீடுகளே. அவற்றைப் பிரித்துக் கொண்டு போக முடியாது. மனை யாருடையது என்ற கேள்விக்கு முன்பைவிட இன்று எடை கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயலுக்கு ஒரு காவல்

வயல்கள் சிறியவை. விதை அளவைக் கொண்டே நிலத்தைச் சொல்லும் வழக்கம் இன்னும் உண்டு. 16 'அரே' ஒரு 'நாலே'. 10 நாலே ஒரு 'குஞ்சா'. ஒரு நாலே விதைக்கும் நிலம், அரை நாலே நிலம் என்பார்கள், நம் பக்கத்து விதைப்பாட்டுக் கணக்கைப் போல. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று வைத்திருப்பவர்கள்தான் பலர். அதுவும் ஒரே இடத்தில் இராது.

வயல் தனியார் சொத்து என்றாலும் எப்போது உழுவது என்பது தனியார் இஷ்டம் அல்ல. 'கூஜ்ருன் பிளாங்' என்ற நீர் மணியக்காரர் ஊருக்கு உண்டு. வாய்க்கால் வெட்டுக்கு ஆள் சேர்ப்பது, மடை முறை வைப்பது, நீர்ச் சண்டையைத் தீர்ப்பது அவர் வேலை. அறுவடையில் ஒவ்வொருவரும் நெல்லாக அவருக்குக் கூலி அளக்கிறார்கள். பருவம் தொடங்குமுன் வயலில் ஊரே கூடிச் சமைத்து ஓதிச் சாப்பிடும் விழாவுக்குக் 'கந்தூரி பிளாங்' என்று பெயர். நாகூரில் சொல்லும் கந்தூரிதான் இது. அது முடிந்தபின் மாட்டைக் கட்டிப்போட்டாக வேண்டும். பயிரில் மாடு இறங்கினால் மாட்டுக்காரர் நஷ்டம் கொடுக்க வேண்டும்.

அறுவடைக்குப் பின் நிலைமை தலைகீழ். வயல் முழுவதும் ஊர் மாட்டுக்கு மேய்ச்சல். வரப்பு எல்லை மாட்டுக்கு இல்லை. அந்தக் காலத்தில் ஒருவர் மட்டும் தனியாகப் பயிர் வைத்தால் வேலியை அவரே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். நிலம் ஒருவருடையது, தாள் ஊருடையது என்பது கணக்கு. அணைக்கட்டுப் பாசனம் வந்து இருபோகம் ஆன ஊர்களில் இந்த மேய்ச்சல் காலம் சுருங்கிவிட்டது. நிலம் இல்லாமல் இரண்டு மாடு மட்டும் வைத்திருப்பவருக்கு இது இழப்பு. இருபோகத்தின் லாபத்தைப் பேசுகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

வாரமும் ஒத்தியும்

சொந்தமாக உழ முடியாதவர்கள் வயலை 'மாவா' என்ற வாரத்துக்கு விடுகிறார்கள். விதை, உரச் செலவில் உடையவரும் சேர்ந்தால் விளைச்சலில் பாதிக்குப் பாதி. எல்லாச் செலவும் உழுபவருடையது என்றால் உடையவருக்கு மூன்றில் ஒரு பங்கு. மாட்டையும் இப்படி விடுவதுண்டு. பசுவை வளர்த்தால் ஈனும் கன்றுகளில் பாதி வளர்ப்பவருக்கு. கொழுக்க வைத்து விற்றால் முதலுக்கு மேல் கிடைக்கும் லாபத்தில் பங்கு. கையில் ஒன்றும் இல்லாதவர் இந்த வழியாக ஒரு கன்றுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட முடிகிறது.

ஒத்தி கதை வேறு. அதற்கு அங்கே 'காலா' என்று பெயர். மகள் கல்யாணம், வைத்தியம், படிப்பு என்று அவசரம் வரும்போது வயலைக் கொடுத்துத் தங்கம் வாங்குகிறார்கள். தங்கத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை வயலின் பலன் கொடுத்தவருக்கு. கெடு கிடையாது. ஒரு போகமாவது அவர் எடுத்த பிறகே மீட்க வேண்டும் என்பது வழக்கம். பல இடங்களில் உடையவரே அந்த வயலை வாரத்துக்கு எடுத்து உழுகிறார். சொந்த வயலில் உழுது, பங்கை இன்னொருவருக்கு அளக்கிறார்.

தங்கத்துக்கு அளவு 'மாயம்'. ஒரு மாயம் சுமார் மூன்றேகால் கிராமுக்குச் சற்று மேல். 12 மாயம் என்றால் நம் கணக்கில் 5 பவுன். 12 மாயத்துக்கு ஒத்தி வைத்தவர் எத்தனை வருஷம் ஆனாலும் 12 மாயம் கொடுத்துத்தான் மீட்க முடியும். இதற்குள் எதிராளி எடுத்த போகங்கள் முதலில் கழியாது. நெல் விலை ஏறும் வேகத்தைவிடத் தங்கம் ஏறும் வேகம் அதிகம். தகப்பன் வைத்த ஒத்தியைப் பிள்ளைகளும் மீட்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். வட்டி கூடாது என்ற மார்க்கம் உள்ள ஊரில் இது கூடுமா என்று மார்க்க அறிஞர்கள் சிலர் கேட்கத்தான் செய்கிறார்கள்.

இந்தோனேசிய அரசு இதற்கு 1960லேயே வழி செய்தது. அந்த ஆண்டின் 56ஆம் எண் சட்டம், 7ஆவது பிரிவு: ஒத்தியில் 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் இருந்த வயலை, நிற்கும் பயிரின் அறுவடை முடிந்து ஒரு மாதத்துக்குள், மீட்புத் தொகை கேட்காமல் உடையவரிடம் திருப்ப வேண்டும். அதற்கு முன் மீட்டால், அனுபவித்த ஆண்டுக்குத் தக்கபடி தொகை குறையும். 4 ஆண்டு அனுபவித்த வயலுக்குப் பாதித் தொகைதான். 7 ஆண்டில் எடுத்த பலனே கடனுக்கு ஈடாகிவிடும் என்பது சட்டத்தின் கணக்கு. ஆனால் கிராமத்தில் இந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பவர் அபூர்வம். ஒத்தி பெரும்பாலும் உறவினருக்குள்ளும் அக்கம் பக்கத்திலும் நடப்பது. வாங்கிய தங்கத்தைத் திருப்பாமல் வயலைக் கேட்பவரை ஊர் மதிக்காது. அவருக்கு அடுத்த அவசரத்தில் கொடுப்பாரும் இருக்கமாட்டார்.

விற்பதென்றால் முதலில் உறவினரையும், அடுத்து வரப்புக்காரரையும், பிறகு உள்ளூராரையும் கேட்டுவிட்டே வெளியாருக்கு விற்க வேண்டும் என்ற வழக்கமும் உண்டு. சிறு வயல் சிதறி வெளியார் கைக்குப் போகாமல் ஓரளவு காத்தது இதுதான்.

பத்திரத்தில் யார் பெயர்?

இத்தனை ஏற்பாடும் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவும் ஊரார் நினைவாகவுமே இருந்தன. 2004 டிசம்பர் 26ல் வந்த கடல்கோள் அந்த நினைவில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போயிற்று. அச்சேயில் மட்டும் இறந்தவர், காணாமல் போனவர் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். வரப்பு, வேலி, எல்லை மரம் எல்லாம் போய்விட்டன. நிலப் பதிவேடுகள் சேற்றில் ஊறின. அவற்றை உறையவைத்து ஜகார்த்தாவுக்கு அனுப்பி, ஜப்பானியர் உதவியுடன் உலர்த்திக் காப்பாற்றினார்கள். ஆனால் பாதிக்கப்பட்ட பகுதியில் அரசுப் பத்திரம் பெற்றிருந்த நிலமே நாலில் ஒரு பங்குக்கும் குறைவு.

எனவே 2005ல் உலக வங்கி நிர்வகித்த நிதியுதவியுடன் இலவச நிலப் பத்திரத் திட்டம் ஒன்று தொடங்கியது. முதல் வேலையை ஊரார் செய்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் பழைய மனையில் போய் நின்று, கிணறு, வீட்டு அடித்தளம், தென்னையின் அடிக்கட்டை இவற்றை அடையாளம் வைத்து எல்லை சொன்னார்கள். பக்கத்து மனைக்காரர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட, கூச்சிக் சான்று கொடுத்தார். பின்னரே அளவைக்காரர் வந்தார். 6 லட்சம் பத்திரம் என்று குறி வைத்து, முடிவில் 2 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். சொன்ன குறியில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆனாலும் அந்தக் குழப்பத்தில் எல்லைத் தகராறு ஊருக்குள்ளேயே தீர்ந்தது சிறிய காரியம் அல்ல.

சிக்கல் வேறொரு இடத்தில் வந்தது. பத்திரத்தில் குடும்பத் தலைவர் பெயரை எழுதுவது அலுவலக வழக்கம். குடும்பத் தலைவர் என்றால் கணவன். வீடோ மனைவிக்கு அவள் தாய் கொடுத்தது. ஊருக்கு அது தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. மறுவாழ்வுக்காக அரசு புதிதாக வாங்கிக் கொடுத்த மனைகளுக்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் தரலாம் என்று பின்னர் முடிவு செய்தார்கள். பழைய மனைகளில் பலவற்றுக்கு அப்படி நடக்கவில்லை. கணவன் பெயரில் பத்திரம் உள்ள வீட்டை மகளுக்கு முறைப்படி மாற்ற அவர் கையெழுத்துத்தான் தேவை. அவர் இறந்துவிட்டால் அவருடைய உடன்பிறந்தார்கூட அதில் பங்கு கேட்டு வரலாம். அப்போது தானம் கொடுத்த நாளில் சாட்சியாக நின்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று முனாசாவில் தேட வேண்டியிருக்கிறது. கூச்சிக்கிடம் அன்றே எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி வைத்திருந்த குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.