கொப்புளிப்பான்: ஆளைத் தள்ளி வையுங்கள், மருந்தைத் தள்ளி வைக்காதீர்கள்

கொப்புளிப்பான் போட்டு எங்களிடம் வருகிறவர்களில் பலர் நாலைந்து நாள் பிந்தித்தான் வருகிறார்கள். "அம்மாள் வருத்தம் சேர், ஆஸ்பத்திரிக்குப் போனால் கூடிவிடும் என்று அம்மம்மா சொன்னா" என்பார்கள். அதற்குள் சிலருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியிருக்கும். சிலருக்குச் சொறிந்த இடமெல்லாம் சீழ் கட்டியிருக்கும்.

வேப்பிலை சரி, விருந்தினர் எதற்கு?

வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடும் மண் இது. நேர்த்தி வையுங்கள், வாசலில் வேப்பிலையும் கட்டுங்கள். உள்ளே வராதே என்று ஊருக்குச் சொல்லும் நல்ல அறிவித்தல் அது. ஆனால் அந்த வேப்பிலையைத் தாண்டி, மாரி பிஸ்கட்டும் முந்திரிகைப்பழமுமாக வருத்தம் பார்க்க வருகிறீர்களே! கொப்புளிப்பான் வைரஸ் காற்றிலும் பரவும். கொப்புளம் தெரிய ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கும். கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றும். பெரும்பாலும் ஒரு கிழமை.

கைவிட வேண்டிய கதைகள்

"மருந்து குடித்தால் கொப்புளம் உள்ளே இறங்கிவிடும்." இறங்காது. வளர்ந்தவர்களுக்கு வைத்தியர் தரும் அசைக்குளோவிர் குளிசையைக் கொப்புளம் தோன்றி 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஐந்தாம் நாள் வந்து கேட்டால் நாங்கள் என்ன செய்வது?

"தண்ணீர் வார்க்கும்வரை குளிக்கக்கூடாது." தினமும் மெதுவாக உடம்பு கழுவுங்கள். ஊத்தையோடு சொறிவதால்தான் புண் பழுதாகிறது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சாம்பல், மஞ்சள் என்று புண்ணில் எதையும் அப்பாதீர்கள்.

"மீன், முட்டை ஆகாது." ஆகும். வெறும் கஞ்சியில் கிடந்தால் உடம்பு சோர்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் கேடு, பாமசியில் கேட்டு வாங்கும் கலவைக் குளிசை. அதில் இருக்கக்கூடிய ஆஸ்பிரின் பிள்ளைகளின் ஈரலையும் மூளையையும் தாக்கலாம். இபுபுரோபன் தோலில் கிருமித் தொற்றை மோசமாக்கலாம். கடிக்கென்று விழுங்கும் ஸ்டீரொய்ட் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலுக்கு அளவான பரசிற்றமோல் போதும்.

 

அந்த ஒரு கிழமை

தனி அறை இல்லையா? விறாந்தையில் ஒரு மூலை போதும், காற்று வரட்டும். முன்பு கொப்புளிப்பான் வந்த ஒருவரே பராமரிக்கட்டும். துவாயும் பீங்கானும் வேறாக இருக்கட்டும்.

தனிமை நோயாளியை வாட்டும். இரவில் கடி கூடும், நித்திரை வராது, எரிச்சல் வரும். முற்றத்தில் தள்ளிக் கதிரை போட்டுக் கதையுங்கள், தொலைபேசியில் அழையுங்கள். வாவியில் வலை வீசிப் பிழைப்பவருக்கு நோயைவிட, நின்றுபோன உழைப்புத்தான் பெரிய கவலை. அயலவர்களே, அரிசியும் மரக்கறியும் படலையில் வைத்துவிட்டுப் போங்கள். அதுதான் உண்மையான வருத்தம் பார்த்தல்.

காத்திருக்கக்கூடாதவர்கள்

மூச்சிரைப்பு, நெஞ்சு நோ, தடுமாற்றம், ஓயாத வாந்தி இருந்தால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வைத்தியசாலை வாசலிலேயே கொப்புளிப்பான் என்று சொல்லிவிடுங்கள்.

முன்பு இந்நோய் வராத கர்ப்பிணி, நோயாளியோடு பழகியிருந்தால், கொப்புளம் வரும்வரை காத்திராமல் வரவேண்டும். பேறுகாலத்தை ஒட்டித் தாய்க்கு வந்தால் பிறக்கும் பிள்ளை இறக்கவும் கூடும். தடுப்பூசி இருக்கிறது, கர்ப்பத்துக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள்.

கைகூப்பிக் கேட்கிறேன்: பொருக்குத் தட்டும்வரை கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகாதீர்கள். முதல் கொப்புளம் கண்ட அன்றே வைத்தியரிடம் வாருங்கள்.