உப்பளக் கரையில் ஒளிரும் சாயம்: அளந்து சொல்லும் எக்செல்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு கிணற்றில் தண்ணீர் கரித்தால், உப்பு எந்த வழியாக வந்தது? ஒளிரும் சாயத்தை விட்டுப் பார்க்கலாம். 1877-ல் ஜெர்மனியில் டான்யூப் ஆறு பூமிக்குள் மறையும் இடத்தில் சுமார் 10 கிலோ யுரானின் கொட்டினார்கள். ஏறக்குறைய 60 மணி நேரத்தில், 12 கிலோமீட்டர் தள்ளி ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது!

இன்று கண்ணுக்குத் தெரியவே வேண்டாம். ஃப்ளோரோமீட்டர் நீல ஒளியைப் பாய்ச்சிப் பச்சை ஒளியை அளக்கும். லிட்டரில் ஒரு மைக்ரோகிராமுக்குக் குறைவான சாயமும் சிக்கிவிடும். ஆனால் கருவி தருவது வெறும் எண். சாஃப்ட்வேர் எழுதும் எனக்குப் பிடித்தது இனிமேல்தான்.

எக்செலில் ஏ காலத்தில் நீங்கள் கலந்த சாய அளவுகள், பி காலத்தில் கருவி காட்டிய எண்கள். எக்ஸ்ஒய் ஸ்கேட்டர் சார்ட் போட்டு, புள்ளியில் ரைட் க்ளிக் செய்து 'ஆட் ட்ரெண்ட்லைன்' கொடுங்கள். சமன்பாட்டையும் காட்டச் சொல்லுங்கள். கிணற்று மாதிரியின் எண்ணிலிருந்து சமன்பாட்டின் கடைசி எண்ணைக் கழித்து, எக்ஸ் பக்கத்து எண்ணால் வகுத்தால் சாய அளவு வந்துவிடும்.

சாயத்தை மினரல் வாட்டரில் கலக்காதீர்கள். சோதனைக்கு முன்பே எடுத்து வைத்த அதே கிணற்று நீரில் கலக்குங்கள். இலைதழை மக்கிய நீர் சாயமில்லாமலே கொஞ்சம் ஒளிரும். அதைக் கழிக்காவிட்டால் பக்கத்து உப்பளக்காரர்மேல் வீண்பழி!

யுரானின் வெயிலில் வேகமாக வெளுக்கும். திறந்த பாத்திகளுக்கு ரோடமின் டபிள்யூடி தேவலை. எதுவானாலும் அதிகாரிகளின் அனுமதியோடுதான்.