பல்லிக்குப் பாசம் உண்டா?

திருச்சி காந்தி மார்க்கெட்டின் கடைகளில் இரவு விளக்கேற்றியதும் சுவரின் அதே மூலையிலிருந்து பல்லி வெளிப்படுவதைக் காணலாம். ‘இது நம்ம கடைப் பல்லி’ என்று கடைக்காரர் உரிமையோடு சொல்வார். பல்லிக்கோ விளக்கை நாடிவரும் பூச்சியே குறி. இகுவானா, தாடி ஓணான் முதலிய அயல்நாட்டு இனங்களை வீட்டில் வளர்ப்போரோ, அவை தம்மை நேசிப்பதாகவே நம்புகின்றனர். இந்நம்பிக்கை எந்த அளவு சரி என்பதை ஈண்டு நோக்குவோம்.

அரபுகள் இவ்வினத்தைக் கூர்ந்து கவனித்தவர்கள். நபிமொழித் தமிழாக்கங்களில் ‘உடும்பு’ எனப்படும் ‘ளப்பு’ உண்மையில் நம் உடும்பன்று. அது பெரிதும் தழையுண்ணும் முள்வால் ஓணான். உடும்பை அரபியில் ‘வரல்’ என்பர். ளப்பு தன் குஞ்சுகளையே தின்னும் என்று கருதிய அரபுகள், உறவை மதியாதவருக்கு அதனை உவமையாக்கினர். நெஞ்சில் மறைந்த வன்மத்தையும் அச்சொல் குறிக்கும். ஆக, பாசமின்மைக்கே அது அடையாளமாயிற்று.

இக்கால ஆய்வு இத்தீர்ப்பை ஓரளவு திருத்துகிறது. கனடாவின் மிஷேல் கபனாக் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இகுவானாக் குட்டிகள் சுவையான இலைக்காக வெதுவெதுப்பான இடத்தை விட்டுக் குளிருக்குள் சென்றன. இன்பத்தை அவை உணர்கின்றன என்பதற்கு இது ஒரு சான்று. 2000ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்விலோ, மென்மையாகக் கையில் எடுத்தபோதே பல்லியினத்தின் இதயத்துடிப்பு உயர்ந்தது. நாம் கொஞ்சுதல் என்று எண்ணுவது அதற்குக் கலக்கமாக இருக்கக்கூடும்.

‘அரணைப் புத்தி’ என்று மறதியைப் பழிக்கிறோம். ஆனால் தென் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் புல் 1982 முதல் ஆராய்ந்த ஒருவகை அரணைகள், ஆண்டுதோறும் இளவேனிலில் அதே துணையைத் தேடிச் சேர்ந்தன. சில இணைகள் 20 ஆண்டுகளுக்கு மேலும் பிரியவில்லை. எனவே பிணைப்பு இவற்றுக்கு அறவே இல்லை எனல் தவறு. எனினும் அது தன் இனத்தோடு கொண்ட பிணைப்பு. வளர்ப்பவரிடம் நாம் காண்பது பழக்கமும் அச்சம் நீங்கிய நிலையுமே. உடல்வெப்பத்திற்குச் சூழலைச் சார்ந்த உயிரி நம் தோளில் அசையாது கிடப்பது வெதுவெதுப்பை நாடியும் இருக்கலாம். அதனை அன்பு என்று துணிய இன்னும் சான்று போதாது.

இது வெறும் அறிவு விளையாட்டன்று. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையம் வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லியினங்களும் சிக்கின. ‘வளர்த்தால் பாசம் காட்டும்’ என்ற ஆசையும் இவ்வணிகத்திற்குத் தீனியாகிறது. நம் நாட்டு உடும்பை வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இகுவானா போன்றவற்றை வைத்திருப்போர் அதனைப் பதிவு செய்யவேண்டும் என்பது 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விதி.

பூனையைக் கட்டிவைத்து, உணவிடாமலும் தானே இரைதேட விடாமலும் சாகடித்த பெண் தண்டனைக்குள்ளானதை நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்தார்கள். அப்பூனை அவளை நேசித்ததா என்ற வினா அங்கே எழவில்லை. வாயற்ற உயிர் நம் பொறுப்பில் வந்தபின் அது அமானிதம். அதற்குரிய வெப்பமும் உணவும் இடமும் தருவது நம் கடன்; அவற்றைத் தர இயலாதவர் அதனை வாங்காதிருப்பதே அதன்மீது காட்டும் அன்பு.